சுழல் எஞ்சினின் விலை
(ஜப்பானிய மோட்டார்த் தொழில் வரலாறு – பகுதி 12)

ஜப்பானியக் கார் நிறுவனங்களைப் பற்றி உலகச் சந்தையில் நிலைபெற்றுவிட்ட கருத்துகளுள், டொயோட்டாவுக்குப் பழுதின்மை உரியதென்று சொல்லப்படுவதைப்போல, மாஸ்டாவுக்கு உரியதென்று சொல்லப்படுவது பிறர் கைவிட்ட வழியைத் தான் கைவிடாமை. இப்பெயரை விளம்பரம் ஈட்டித் தரவில்லை. 1961 முதல் 1977 வரையிலான காலத்தில் ஹிரோஷிமாவைச் சேர்ந்த ஒரு குடும்ப நிறுவனம் ஒரேயொரு எஞ்சினை நம்பி எடுத்த முடிவுகளும், அவற்றுக்காக அது கொடுக்க நேர்ந்த விலையுமே அப்பெயருக்கு அடிப்படை. கார் நிறுவனங்களைச் சில பெருங்குழுக்களாக ஒடுக்கிவிட ஜப்பானின் பன்னாட்டு வணிக, தொழில் அமைச்சகம் செய்த முயற்சி சென்ற பகுதியில் விவரிக்கப்பட்டது. அம்முயற்சியால் தன் இருப்பே கேள்விக்குள்ளாகும் என்று அஞ்சிய நிறுவனங்களுள் ஒன்று அதற்கு எவ்வாறு எதிர்வினை ஆற்றியது என்பது இப்பகுதியின் பொருள்.

மாஸ்டாவின் தொடக்கம் மோட்டார் வாகனத்தோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதது. முதல் உலகப் போரின்போது ஐரோப்பியத் தக்கை ஜப்பானுக்கு வருவது தடைபட்டதால், உள்நாட்டில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டையிலிருந்து தக்கை செய்யும் தொழில் ஹிரோஷிமாவில் வளர்ந்தது. அத்தொழிலை நடத்த 1920 ஜனவரியில் நிறுவப்பட்டதே டோயோ தக்கைத் தொழில் நிறுவனம். மறு ஆண்டில் அதன் தலைமைக்கு வந்த ஜூஜிரோ மட்சுடா, மீனவக் குடும்பத்தில் 1875இல் பிறந்து, சிறுவயதிலேயே ஒசாகா சென்று கொல்லர் பட்டறையில் தொழில் கற்றவர்; தாமே வடிவமைத்த நீரேற்றுக் குழாயால் பெயர் பெற்றவர். போர் முடிந்து அயல்நாட்டுத் தக்கை மீண்டும் வரத் தொடங்கியதும், 1925 டிசம்பரில் ஏற்பட்ட தீவிபத்தில் ஆலையின் பெரும்பகுதி அழிந்ததும் அவரை இயந்திரத் தொழிலின் பக்கம் திருப்பின. 1927இல் நிறுவனத்தின் பெயரிலிருந்து தக்கை நீக்கப்பட்டு, ‘கீழைத் தொழில்’ என்னும் பொருள்படும் டோயோ கோக்யோ என்ற பெயர் நிலைத்தது.

இயந்திரக் கருவிகளில் தொடங்கி, மோட்டார் சைக்கிளில் கைவைத்துப் பார்த்து, 1931இல் நிறுவனம் மூன்று சக்கரச் சரக்கு வண்டிக்கு வந்து சேர்ந்தது. முன்பக்கம் மோட்டார் சைக்கிளைப்போல் கைப்பிடியும், பின்பக்கம் சரக்குத் தட்டும் கொண்ட இவ்வண்டியின் எஞ்சின் கொள்ளளவு 482 கன செ.மீ.; அக்காலச் சட்டப்படி 500 கன செ.மீ.க்கு உட்பட்ட சிறு வண்டிகளை ஓட்ட உரிமத் தேர்வு வேண்டியதில்லை என்பதால், கடைக்காரர்களும் சிறு உற்பத்தியாளர்களும் இவற்றை விரும்பி வாங்கினர். பண்டைய பாரசீகரின் ஒளிக்கடவுளான அஹுர மஸ்தாவின் பெயரும், உரிமையாளரின் குடும்பப் பெயரும் இணைந்தொலிக்கும் வகையில் ‘மாஸ்டா’ என்ற வணிகப் பெயர் முதன்முதலாக இவ்வண்டிக்கே இடப்பட்டது. மூன்று சக்கர வண்டிகளின் வரலாறு தனி நூலுக்குரியது. இங்கு அறிய வேண்டியது, நகரத் தெருக்களின் சில்லறை வணிகத்தை நம்பி வளர்ந்த நிறுவனம் இது என்பதும், டோக்கியோவின் அமைச்சக வட்டாரங்களில் அதற்குப் பெரிய செல்வாக்கு இருந்ததில்லை என்பதுமே.

1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீசப்பட்டபோது, டோயோ கோக்யோவின் ஆலை நகரின் கிழக்கே, குண்டு வெடித்த நடுவிடத்திலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. தொலைவில், ஃபுச்சு என்னும் சிற்றூரில் இருந்தது. இடையில் நின்ற ஹிஜியாமா என்னும் தாழ்ந்த குன்று வெடிப்பலையின் வேகத்தைத் தடுத்தமையால், கண்ணாடிகளும் கூரைகளும் சிதைந்தாலும் ஆலையின் உடற்பகுதி தப்பியது. அன்று ஜூஜிரோ மட்சுடாவுக்கு எழுபதாவது பிறந்தநாள். அவர் உயிர் பிழைத்தார், அவருடைய இரண்டாவது மகன் பிழைக்கவில்லை. ஆலை மருத்துவமனையாயிற்று, மாவட்டத் தலைமை அலுவலகம் முற்றிலும் அழிந்துபோயிருந்ததால், அதே மாதம் 20ஆம் நாளிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஹிரோஷிமா மாவட்ட நிர்வாகமே டோயோ கோக்யோவின் கட்டடத்திலிருந்து இயங்கியது. இதை வெறும் இடவசதியாகக் கருதிக் கடந்துசெல்வது தவறு. முப்பது ஆண்டுகளுக்குப் பின் நிறுவனம் மூழ்கும் நிலைக்கு வந்தபோது ஹிரோஷிமா மக்கள் அதைத் தம்முடையதாகக் கருதி நடந்துகொண்டதற்கான வேர், இந்த ஓராண்டில்தான் இருக்கிறது.

அவ்வாண்டு டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டித் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. அழிந்த நகரை எழுப்ப மரமும் கல்லும் செங்கல்லும் சுமந்த அவ்வண்டிகளின் தேவை ஆண்டுதோறும் பெருகியது. 1951இல் தலைமைப் பொறுப்பை ஏற்ற சுனேஜி மட்சுடா, தந்தையைப்போலவே பட்டறை அறிவு மிக்கவர். இளமையில் எலும்பு நோயால் இடது காலை இழந்தவர். 1960இல் அவர் வெளியிட்ட ஆர்360 கூப்பே என்னும் சிறு காரின் விலை 3 லட்சம் யென். மக்கள் வாங்கத்தக்க விலையில் வந்த அக்கார் தன் வகையில் சந்தையின் பெரும்பங்கைப் பிடித்தது. எனினும் வெற்றி பெற்ற அதே ஆண்டில்தான் சுனேஜியின் கவலையும் முற்றியது.

கவலைக்குக் காரணம் அமைச்சகத்தின் எண்ணம். வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதிக்குச் சந்தையைத் திறந்துவிட வேண்டிய நாள் நெருங்கியதால், அதற்குள் ஜப்பானிய நிறுவனங்களைப் பெருந்திரள் உற்பத்தி, தனிவகைக் கார்கள், குறுங்கார்கள் என மூன்று குழுக்களாகப் பிரித்து, சிறிய நிறுவனங்களைப் பெரியவற்றோடு இணைத்துவிட வேண்டும் என்று அமைச்சகம் எண்ணியிருந்தது; 1961இல் அக்கருத்தை வெளியிடவும் செய்தது. கார் உலகுக்கு அப்போதுதான் வந்திருந்த, தலைநகருக்குத் தொலைவிலிருந்த டோயோ கோக்யோ, இத்தகைய இணைப்பில் மறைந்துபோவது ஏறத்தாழ உறுதி. வேறு எவரிடமும் இல்லாத ஒரு தொழில்நுட்பம் தன்னிடம் இருந்தாலன்றி, தனித்து நிற்கும் உரிமையைக் கோர இயலாது என்று சுனேஜி கணக்கிட்டார். ரோட்டரி எஞ்சினை அவர் நாடியதைத் தொழில்நுட்பக் காதலாகப் பிற்காலத்தவர் பலர் எழுதியிருக்கின்றனர். அது முதன்மையாகத் தற்காப்புக்கான முடிவு என்பதே சான்றுகளோடு பொருந்தும் விளக்கம்.

ரோட்டரி எஞ்சின் அல்லது சுழல் எஞ்சின் என்பதன் அமைப்பை இங்கு விளக்க வேண்டியுள்ளது. வழக்கமான எஞ்சினில், சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் சென்றுவர, அவ்வசைவைக் கிராங்க் தண்டு சுழற்சியாக மாற்றுகிறது. ஒவ்வொரு முறையும் பிஸ்டன் நின்று திசை திரும்ப வேண்டியிருப்பதால் அதிர்வு தவிர்க்க முடியாதது. ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கிய முறையில் மேல்கீழ் அசைவே கிடையாது. இடுப்பு சிறுத்த பட்டுப்புழுக் கூட்டைப்போன்ற வடிவுடைய உலோக அறைக்குள், பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று மையம் விலகிச் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளும் எப்போதும் அறைச்சுவரைத் தொட்டுக்கொண்டே செல்வதால், சுவருக்கும் சுழலிக்கும் இடையே உருவாகும் மூன்று வெளிகள் மாறி மாறிப் பெருகியும் சுருங்கியும், பெட்ரோல் கலந்த காற்றை இழுத்தல், அழுத்துதல், எரித்தல், வெளியேற்றுதல் ஆகிய நான்கு செயல்களையும் இடைவிடாமல் நிகழ்த்துகின்றன. வால்வுகள் தேவையில்லை, உறுப்புகள் குறைவு, அதே ஆற்றல் தரும் பிஸ்டன் எஞ்சினைவிட எடையும் பருமனும் மிகக் குறைவு. 1957இல் முதல் மாதிரி ஓடியது. ஜெர்மனியின் நெக்கார்சுல்ம் நகரத்து என்.எஸ்.யு. நிறுவனம் அதை 1959இன் இறுதியில் உலகுக்கு அறிவித்தபோது, பிஸ்டன் எஞ்சினின் காலம் முடிந்துவிட்டதென்றே பலர் எழுதினர்.

1960 அக்டோபரில் சுனேஜி தாமே நெக்கார்சுல்ம் சென்று உரிம ஒப்பந்தத்தின் முதற்படியில் கையெழுத்திட்டார். 1961 ஜூலையில் ஜப்பானிய அரசின் இசைவு கிடைத்தது. செலுத்த வேண்டிய தொகை நிறுவனத்தின் அளவுக்குப் பெரியது. அன்றியும், டோயோ கோக்யோ கண்டறியும் மேம்பாடுகளை என்.எஸ்.யு.வுக்கும் அளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. இத்தனைக்கும் பெற்ற எஞ்சின் முழுமையானதன்று. பயிற்சிக்காக ஜெர்மனி சென்ற பொறியியலாளர்கள் அங்கேயே அக்குறையை அறிந்தனர். அதே ஆண்டு நவம்பரில் ஹிரோஷிமாவில் தாமே செய்து ஓட்டிய முதல் மாதிரியிலும் அது தவறாமல் தோன்றியது.

சுழலியின் மூன்று முனைகளிலும், அறைச்சுவரோடு இடைவெளியின்றிப் பொருந்தி வாயுவைத் தடுத்து நிறுத்தும் மெல்லிய உலோகத் தகடுகள் பொருத்தப்பட்டிருந்தன. முனை அடைப்பு எனப்படும் இத்தகடு, நொடிக்குப் பல முறை சுவரை உரசிச் செல்லும்போது, ஒரே சீராக வழுக்கிச் செல்லாமல் துடித்துத் துடித்துச் சென்றது. அத்துடிப்பு சுவரின் குரோம் பூச்சில் வரிவரியாகக் கீறல்களை ஏற்படுத்தியது. எஞ்சின் சுமார் 200 மணி நேரம் ஓடியதும் ஆற்றல் குறைந்து நின்றுபோயிற்று. ஹிரோஷிமாப் பொறியியலாளர்கள் இவ்வரிகளைச் ‘சாத்தானின் நகக்கீறல்’ என்று அழைத்தனர். கூடவே வேறு தொல்லைகளும் இருந்தன: வண்டி நிற்கும்போது எஞ்சின் கடுமையாக அதிர்ந்தது, மசகெண்ணெய் எரியறைக்குள் கசிந்து வெண்புகையாக வெளிவந்தது.

இவற்றைத் தீர்க்க 1963 ஏப்ரலில் ரோட்டரி எஞ்சின் ஆய்வுத் துறை தனியே நிறுவப்பட்டு, கெனிச்சி யமமோட்டோ அதன் தலைவராக அமர்த்தப்பட்டார். டோக்கியோ பேரரசப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் பயின்று போர்க்காலத்தில் விமானத் தொழிலில் இருந்த யமமோட்டோ, போருக்குப் பின் ஹிரோஷிமாவில் வேறு வேலை கிட்டாமல், டோயோ கோக்யோ ஆலையில் மூன்று சக்கர வண்டிகளுக்குப் பற்சக்கரப் பெட்டி பூட்டும் தொழிலாளியாகச் சேர்ந்தவர். அணுகுண்டு அவருடைய தங்கையைப் பலிகொண்டிருந்தது. ரோட்டரி எஞ்சினில் அவருக்குத் தொடக்கத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. ஆயினும் பொறுப்பை ஏற்றபின், உறங்கும்போதும் விழித்திருக்கும்போதும் அந்த எஞ்சினையே நினைக்க வேண்டும் என்று தம் குழுவினரிடம் கேட்டுக்கொண்டார். குழுவினர் நாற்பத்தேழு பேர். தலைவனின் மானங்காக்க உயிர்கொடுத்த ஆக்கோ நாட்டு நாற்பத்தேழு சாமுராய்களின் கதையை அறியாத ஜப்பானியர் இலர் ஆதலால், அவ்வெண் அவர்களுக்கு ஒரு சூளுரையாகவே அமைந்தது.

அடைப்புத் தகட்டுக்கு ஏற்ற பொருளைத் தேடி அவர்கள் சோதித்தவற்றின் பட்டியல் நீண்டது. மாட்டெலும்பும் குதிரையெலும்பும்கூட அதில் இடம்பெற்றன. கீறலுக்குக் காரணம் பொருளின் மென்மையோ கடினமோ மட்டுமன்று, தகட்டின் இயல்பான அதிர்வெண்ணே என்று உணரப்பட்டபோதுதான் வழி பிறந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் வடிவத்துக்கும் ஏற்பத் துடிக்கும் வேகம் ஒன்றுண்டு. உரசலின் வேகம் அதனோடு ஒத்துப்போகும்போது துடிப்பு பெருகுகிறது. தகட்டின் நுனியருகே குறுக்கும் நெடுக்குமாகத் துளையிட்டு அவ்வதிர்வெண்ணை மாற்றியபோது கீறல்கள் மறைந்தன. அத்துளைத் தகடு பெருமளவில் செய்வதற்குக் கடினமானது என்பதால், நிப்பான் கார்பன் நிறுவனத்தோடு இணைந்து, கரியின் நுண்துளைகளில் அலுமினியத்தை ஊடுருவச் செய்த புதிய கலப்புப்பொருள் உருவாக்கப்பட்டது. தானே வழுக்கும் தன்மையுடைய இத்தகடு 1 லட்சம் கி.மீ. ஓட்டத்தையும் தாங்கியது. அதிர்வைக் குறைக்க, ஒன்றுக்குப் பதிலாக இரு சுழலிகளை அருகருகே அமைத்து, எரிபொருள் நுழையும் வாயிலைச் சுற்றுச்சுவரிலிருந்து பக்கச்சுவருக்கு மாற்றினர். இவையெல்லாம் சிறு திருத்தங்களாகத் தோன்றலாம்; ஆனால் ஜெர்மனியில் எஞ்சினைத் தோற்றுவித்தவர்கள் கடக்க முடியாமல் நின்ற இடத்தை, உரிமம் வாங்கிய ஹிரோஷிமாக்காரர்கள் கடந்தது இத்திருத்தங்களால்தான்.

இந்த ஆய்வு நடந்துகொண்டிருந்தபோதே, எந்த அச்சத்தால் எஞ்சின் வாங்கப்பட்டதோ அந்த அச்சத்தின் கடுமை தணிந்துவிட்டது. நிறுவன இணைப்புக்கு அதிகாரம் தரும் வகையில் அமைச்சகம் 1963இல் நாடாளுமன்றத்தில் முன்வைத்த சட்ட முன்வரைவு, எதிர்ப்பினால் மறு ஆண்டே கைவிடப்பட்டது. 1966இல் பிரின்ஸ் நிறுவனம் நிசானோடு இணைந்ததைத் தவிர வேறு பெரிய இணைப்பு அப்போது நிகழவில்லை. ஆயினும் சுனேஜி பின்வாங்கவில்லை. அதற்குள் ரோட்டரி எஞ்சின் நிறுவனத்தின் அடையாளமாகவே மாறிவிட்டிருந்தது.

1967 மே 30ஆம் நாள் கோஸ்மோ ஸ்போர்ட் கார் விற்பனைக்கு வந்தது. தலா 491 கன செ.மீ. அளவுள்ள இரு அறைகளிலிருந்து 110 குதிரைத்திறன் கிடைத்தது. காரின் எடை 940 கிலோ, விலை 14.8 லட்சம் யென். இரு சுழலி எஞ்சினுடன் விற்பனைக்கு வந்த உலகின் முதல் கார் இதுவே. கைவேலை மிகுதியால் 1972 வரை மொத்தம் 1,176 கார்களே செய்யப்பட்டன. எனவே இதன் பயன் வருவாயன்று, நம்பகத்தன்மைக்குக் கிடைத்த சான்று. 1968இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 84 மணி நேரம் நிற்காமல் ஓடும் போட்டிக்கு அனுப்பப்பட்ட இரு கோஸ்மோ கார்களுள் ஒன்று 82ஆவது மணியில் விலகியது. மற்றொன்று நான்காவதாக முடித்தது. இதற்கிடையே, 1967இலேயே என்.எஸ்.யு. வெளியிட்ட ரோ80 என்னும் அழகிய கார், அதே முனை அடைப்புக் கோளாற்றால் எஞ்சின் மாற்ற வேண்டிய நிலைக்கு மீண்டும் மீண்டும் ஆளாகி, தன்னைச் செய்த நிறுவனத்தையே நலிவித்தது, 1969இல் என்.எஸ்.யு. ஃபோக்ஸ்வாகன் குழுவுக்குள் அடங்கியது.

அடுத்த ஆறு ஆண்டுகள் ஏற்றம். ஃபமிலியா, லூசே, கப்பெல்லா, சவானா என ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டரிக் கார்கள் வந்தன. 1970இல் அமெரிக்கச் சந்தை திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் சுனேஜி மறைய, அவர் மகன் கோஹெய் மட்சுடா தலைவரானார். ஜெனரல் மோட்டார்ஸ் 5 கோடி டாலர் தருவதாகப் பேசி ரோட்டரி உரிமம் பெற்றது. மெர்சிடிஸ், சித்ரோயன், நிசான், டொயோட்டா ஆகியவையும் ஆய்வில் இறங்கின. இதைவிட முக்கியமானது, 1970இல் அமெரிக்கா இயற்றிய காற்றுத் தூய்மைச் சட்டம். பெரிய நிறுவனங்கள் அச்சட்டத்தின் வரம்புகளை எட்டவே முடியாது என்று வாதிட்டபோது, 1973இல் அவற்றை எட்டிக் காட்டியவை ஹோண்டாவும் டோயோ கோக்யோவுமே.

இங்குதான் வெற்றியும் வீழ்ச்சியும் ஒரே நுட்பத்தில் பின்னிக் கிடக்கின்றன. ரோட்டரி எஞ்சினின் எரியறை நீண்டு மெல்லியதாக இருப்பதால், எரிபொருளில் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. அதேவேளை எரிவெப்பம் குறைவாதலால் நைட்ரஜன் ஆக்சைடு குறைவாகவே உண்டாகிறது. நைட்ரஜன் ஆக்சைடை அடக்குவதே அக்காலத்தில் கடினம். எரியாத எரிபொருளையோ, வெளியேறும் புகையைக் காற்றோடு கலந்து ஒரு வெப்பக் கலத்தில் மறுபடி எரித்துவிடலாம். இதைத்தான் மாஸ்டா செய்தது. ஆனால் அக்கலம் அணையாமல் எரிந்துகொண்டிருக்க, எஞ்சினுக்குத் தேவைக்கு மேல் எரிபொருள் ஊட்ட வேண்டும். தூய புகைக்கான விலை பெட்ரோலாகச் செலுத்தப்பட்டது. பெட்ரோல் மலிவாக இருந்தவரை அவ்விலை எவர் கண்ணிலும் படவில்லை.

1973 அக்டோபரில் மத்தியக் கிழக்குப் போரையொட்டி எண்ணெய் விலை பல மடங்காயிற்று. சில மாதங்களில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட அளவீட்டின்படி, நகர ஓட்டத்தில் மாஸ்டா கார் காலனுக்கு ஏறத்தாழ 10 மைல், அதாவது லிட்டருக்கு 5 கி.மீ.க்கும் குறைவாகவே ஓடியது. அளவிடும் முறை தமக்குப் பொருந்தாதது என்று நிறுவனம் மறுத்தது, மறுப்பு எடுபடவில்லை. 1974இல் அமெரிக்க விற்பனை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. முந்தைய ஆண்டுகளில் விற்ற கார்களில் அடைப்புகள் பழுதடைந்ததாக வந்த முறையீடுகளும் சேர்ந்துகொள்ள, எஞ்சினுக்கான உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. சந்தை சுருங்குவது தெரிந்தும் கோஹெய் உற்பத்தியைக் குறைக்கத் தயங்கினார். விலைபோகாத கார்கள் துறைமுகக் கொட்டடிகளில் குவிந்தன. தந்தையின் துணிவு அவரிடம் இருந்தது; தந்தையிடமிருந்த எச்சரிக்கையுணர்வு இல்லை என்றே கூற வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் உட்படப் பிற நிறுவனங்கள் ரோட்டரித் திட்டங்களை ஒவ்வொன்றாக மூடின.

நிறுவனத்தின் முதன்மை வங்கியான சுமிட்டோமோ வங்கி முன்வந்து கடன்களுக்குப் பொறுப்பேற்றது. ஜப்பானில் முதன்மை வங்கி என்பது கடன் கொடுப்பதோடு நில்லாமல், நெருக்கடியில் தன் அலுவலர்களை அனுப்பி நிர்வாகத்தையே கையிலெடுக்கும் மரபுடையது. அவ்வாறு 1976இல் வந்தவர் சுட்டோமு முராய். பிற்காலத்தில் அசாஹி பீர் நிறுவனத்தை வீழ்ச்சியிலிருந்து மீட்கும் பணிக்கும் இவரையே வங்கி அனுப்பியது. ஆட்குறைப்பு அறிவிப்பில்லாமல், ஓய்வுபெற்றவர்களின் இடங்களை நிரப்பாமல் விட்டே, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 பணியிடங்கள் குறைக்கப்பட்டன. ஆலைத் தொழிலாளர்களும் பொறியியலாளர்களுமாக ஏறத்தாழ 5,000 பேர், சுழற்சி முறையில் நாடெங்குமுள்ள விற்பனை நிலையங்களுக்கு அனுப்பப்பட்டு, வீடு வீடாகச் சென்று கார் விற்றனர். உலோகம் கடைவதையே அறிந்தவர்கள், வாங்குவோரின் வாயால் தம் காரின் குறைகளைக் கேட்டுத் திரும்பினர். அடுத்து வந்த கார்களின் தரம் உயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹிரோஷிமா நகரம் செய்தது இதனினும் குறிப்பிடத்தக்கது. உள்ளூர் வணிகர்கள் 1960களிலேயே அமைத்திருந்த ஊர்ப்பற்றாளர் சங்கம், மாஸ்டா காரையே வாங்குமாறு மாவட்டம் முழுதும் இயக்கம் நடத்தியது. உதிரிப்பாக நிறுவனங்கள் குறைந்த விலைக்கு இசைந்தன. தொழிற்சங்கம் ஊதிய உயர்வைத் தள்ளிப்போட ஒப்புக்கொண்டது. சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் இதே நிலைக்கு வந்தபோது, அதைக் காப்பாற்ற 150 கோடி டாலர் கடனுக்கு அரசு உத்தரவாதம் தர வேண்டியிருந்தது. ஹிரோஷிமாவில் அரசின் உத்தரவாதத்துக்குப் பதிலாக வங்கியும் நகரமும் நின்றன. நெருக்கடியின் ஆழத்தில், 1975 அக்டோபரில், டோயோ கோக்யோவின் பெயரைத் தாங்கிய ஹிரோஷிமா டோயோ கார்ப் பேஸ்பால் அணி தன் முதல் லீக் வாகையைச் சூடியது என்பதை அந்நகரத்தார் இன்றளவும் அவ்வாண்டின் நினைவோடு சேர்த்தே சொல்கின்றனர்.

யமமோட்டோவின் குழு இக்காலத்தில் ரோட்டரியைக் கைவிடும்படி பணிக்கப்படவில்லை. எரிபொருள் செலவை 40 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற இலக்கோடு ‘ஃபீனிக்ஸ் திட்டம்’ 1974இல் தொடங்கப்பட்டது. வெப்பக் கலத்தின் வெப்பத்தையே அதற்குள் செல்லும் காற்றைச் சூடேற்றப் பயன்படுத்தியும், அடைப்புகளைத் திருத்தியும் அவ்விலக்கு எட்டப்பட்டது. ரோட்டரியால் வாங்கியவர்களை ஏமாற்றிய நிறுவனம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது, எனவே அதைச் சீர்செய்யாமல் விட்டுவிட முடியாது என்பது அவர்களின் நிலைப்பாடு. ஆயினும் நிறுவனத்துக்குச் சோறு போட்டது ரோட்டரி அன்று. 1977இல் வந்த, பிஸ்டன் எஞ்சின் பூட்டிய, எளிய ஃபமிலியாவே விற்பனையை நிமிர்த்தியது. அவ்வாண்டு டிசம்பரில் கோஹெய் தலைமையிலிருந்து விலக, மட்சுடா குடும்பத்தின் ஏறத்தாழ அறுபதாண்டு ஆட்சி முடிவுக்கு வந்தது. கார் நிறுவனம் கைவிட்டுப் போனாலும் பேஸ்பால் அணி அக்குடும்பத்திடமே தங்கியது.

1978 மார்ச்சில் ஆர்எக்ஸ்-7 வந்தது. இலேசான, சிறிய எஞ்சினை முன்சக்கர அச்சுக்குப் பின்னே தாழ்த்தி வைக்க முடிந்ததால் காரின் எடை முன்னும் பின்னும் சமமாகப் பகிர்ந்தமைந்தது; குடும்பக் காருக்குப் பொருந்தாத எஞ்சின், விளையாட்டுக் காருக்கு மிகப் பொருந்துவது என்பதை நிறுவனம் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் கண்டுகொண்டது. 2002 வரை மூன்று தலைமுறைகளாக 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்எக்ஸ்-7கள் விற்றன. மறுபுறம், 1970களின் தொடக்கத்தில் தன்னாட்சி போய்விடும் என்று கருதி முறிக்கப்பட்டிருந்த ஃபோர்டுடனான பங்குப் பேச்சு, 1979 நவம்பரில் முடிவு கண்டது. அமெரிக்க நிறுவனம் ஏறத்தாழ கால் பங்கை வாங்கியது. 1984இல் டோயோ கோக்யோ என்னும் பெயர் மாஸ்டா மோட்டார் நிறுவனம் என மாறியது. அதே ஆண்டு, முன்பு பற்சக்கரப் பெட்டி பூட்டிய யமமோட்டோ நிறுவனத்தின் தலைவரானார்.

பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் மாஸ்டாவின் ரோட்டரி எஞ்சின்கள் 1970களிலிருந்தே ஓடித் தோற்று வந்தன. 1991 ஜூன் 23ஆம் நாள், நான்கு சுழலிகளும் ஏறத்தாழ 700 குதிரைத்திறனும் கொண்ட 787பி கார், ஃபோல்க்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்த்ரான் கஷோ ஆகியோர் மாறி மாறி ஓட்ட, 362 சுற்றுகளை முடித்து ஜாகுவார்களையும் மெர்சிடிஸ்களையும் முந்தியது. பலம் மிக்க மெர்சிடிஸ் கார்கள் பழுதாகி நிற்க, நிற்காமல் ஓடியதே அதன் வெற்றி. கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஹெர்பர்ட் நீர்ச்சத்து இழந்து மயங்கியதால் பரிசு மேடைக்கே வர இயலவில்லை. அப்பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மாஸ்டா. புதிய விதிகள் ரோட்டரி எஞ்சினுக்கு இடம் தராமையால், அந்த எஞ்சினால் அங்கே மறுமுறை வெல்லும் வாய்ப்பு அதற்குக் கிட்டவில்லை.

வெற்றி வந்த நேரம் நிறுவனத்துக்கு நல்ல நேரமன்று. உள்நாட்டு விற்பனையை ஐந்து தனித்தனிக் கடை வரிசைகளாகப் பிரித்து 1989இல் அது தொடங்கிய பெருவிரிவாக்கம், ஜப்பானியப் பொருளாதாரக் குமிழி உடைந்ததும் கடன் சுமையாக மாறிக்கொண்டிருந்தது. அந்தச் சுமை 1996இல் ஃபோர்டின் பங்கை மூன்றிலொன்றுக்கு உயர்த்தி, ஒரு ஜப்பானியக் கார் நிறுவனத்துக்கு முதன்முறையாக வெளிநாட்டவர் ஒருவர் தலைவராக வரக் காரணமான விதம் அடுத்த பகுதியில் இடம்பெறும்.